இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே சத்தம் ஏன் அமுங்குகிறது? குறுக்கீடும் விளிம்பு விளைவும்

களியக்காவிளைப் பக்கம் மைக் செட் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "சாரே, கோயில் விழாவுக்கு மேடையின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தோம். டெஸ்ட் பண்ண ஒரே சுரத்தை ஓடவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தேன். மூன்று நாலு எட்டு வைத்தால் சத்தம் அமுங்குகிறது, இன்னும் மூன்று நாலு எட்டில் திரும்ப ஏறுகிறது. ஆம்ப்ளிபையர் கோளாறா, ஸ்பீக்கர் கோளாறா? பிளஸ் டூ படிக்கும் தங்கை, இது குறுக்கீட்டு விளைவு என்கிறாள். அப்படியானால் அதே பாடத்தில் வரும் விளிம்பு விளைவு என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றா, வேறா?"

தம்பி, ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன. தங்கை சொன்னது சரி. அவள் திணறிய இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாடப்புத்தகத்தில் குறுக்கீட்டு விளைவுக்கு ஒரு தலைப்பு, விளிம்பு விளைவுக்கு வேறு தலைப்பு, இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரம். படிக்கிற பிள்ளை இவை இரண்டும் வெவ்வேறு சங்கதிகள் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் இரண்டிலும் நடப்பது ஒரே கூட்டல்தான். அந்தக் கூட்டலை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால் உன் மைதானமும் புரியும், அவள் பாடமும் புரியும்.

குளத்திலிருந்து தொடங்கலாம். காற்று அடங்கிய காலை நேரத்தில் படித்துறையில் உட்கார்ந்து, ஒரே கையின் இரண்டு விரல்களை அகற்றி வைத்து, தண்ணீரைச் சீராகத் தொட்டுத் தொட்டு எடு. இரண்டு விரலிலிருந்தும் வளையம் வளையமாக அலை கிளம்பும். ஒன்றை ஒன்று கடக்கும்போது மோதி உடைவதில்லை. எதுவும் நடக்காதது போல ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சந்திக்கும் இடத்தில், சந்திக்கும் நேரத்தில், தண்ணீரின் உயரம் இரண்டு அலைகளின் உயரத்தையும் கூட்டியது. அலையின் மேட்டை முகடு என்றும் பள்ளத்தை அகடு என்றும் சொல்வோம். முகடும் முகடும் சேர்ந்தால் இரட்டை உயரம். முகடும் அகடும் சேர்ந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். விரல்களிலிருந்து விசிறி போல வெளியே ஓடும் அசையாத கோடுகளை உன் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தக் கூட்டலுக்கு மேற்பொருந்துதல் தத்துவம் என்று பெயர். இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் ஆதாரம்.

இப்போது மைதானத்துக்கு வா. ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, மேடைக்கு இணையாக நீ நடக்கிறாய். நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். டெஸ்ட் சுரம் 350 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 350 அதிர்வு என்றால், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள அலைநீளம் சரியாக 1 மீட்டர். மைதானத்தின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு ஸ்பீக்கரும் சம தூரம். இரண்டு அலையும் ஒரே நேரத்தில் முகடாக வந்து சேரும், சத்தம் கூடும். நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் விலகி நில். ஒரு ஸ்பீக்கர் 30.50 மீட்டர், மற்றது 30.00 மீட்டர். பாதை வேறுபாடு அரை மீட்டர், அதாவது அரை அலைநீளம். ஒன்று முகடாக வரும்போது மற்றது அகடாக வரும். அங்கேதான் அமுங்குகிறது. இன்னும் இரண்டரை மீட்டர் போனால் பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளம் ஆகிறது, திரும்ப ஏறுகிறது. இரண்டரை மீட்டர் என்பது நம் நடையில் மூன்று நாலு எட்டு. நீ சொன்ன கணக்கேதான்.

சத்தம் ஏறும் ஓரிடத்திலிருந்து அடுத்து ஏறும் இடம் வரையுள்ள தூரத்துக்குத் தங்கையின் புத்தகத்தில் பட்டை அகலம் என்று பெயர்: அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, மூலங்களின், இங்கே ஸ்பீக்கர்களின், இடைவெளியால் வகுக்க வேண்டும். 1 பெருக்கல் 30 வகுத்தல் 6, ஐந்து மீட்டர். ஒளிக்கு எழுதிய சூத்திரம்தான், உன் மைதானத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அமுங்கிய இடத்தில் போன சத்தம் எங்கே என்று வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. எங்கேயும் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஏறிய இடத்தில் அலையின் வீச்சு, அதாவது முகட்டின் உயரம், இரண்டு மடங்கு. வந்து சேரும் ஆற்றலின் அளவான செறிவு வீச்சின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது நான்கு மடங்கு. அமுங்கிய இடத்தில் பூஜ்யம். சராசரி எடுத்தால் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்பீக்கருக்கு உரிய கணக்கு சரியாக வந்துவிடுகிறது. "அழிவுக் குறுக்கீடு" என்ற பெயர் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் கருத்து. ஆற்றலில் ஒரு துளிகூட அங்கே அழியவில்லை.

அமுங்கும் இடத்திலும் சத்தம் முழுக்க இல்லாமல் போகாததற்குக் காரணம் சாதாரணமானது. மேடைப் பந்தலும் மதிலும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. உன் இரண்டு காதும் ஒரே புள்ளியில் இல்லை. பாட்டு ஓடும்போது இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. பாட்டில் நூற்றுக்கணக்கான அதிர்வெண்கள். ஒவ்வொன்றுக்கும் அமுங்கும் இடம் வேறு. ஒன்று அமுங்கும் இடத்தில் மற்றொன்று ஏறும்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஆம்ப்ளிபையரிலிருந்து ஒரே சைகை போக வேண்டும். நம் ஊரில் ஒரே ராத்திரியில் ஒரு பக்கம் கோயிலிலும் மறுபக்கம் குருசடியிலும் விழா நடப்பதுண்டு. இரண்டு பக்கமும் மைக் செட் முழங்கும், ஆனால் நடுரோட்டில் ஏறி இறங்கும் பட்டைகள் கிடைக்காது. இரண்டு அலைகளுக்கும் இடையே நிலையான உறவு இல்லை. இந்த நொடி முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் அடுத்த நொடி வேறு ஏதோ சேரும். இப்படி முகடும் அகடும் வரும் நேரத்தில் நிலையான உறவு (கட்ட உறவு) உள்ளவற்றைத்தான் ஓரியல் மூலங்கள் என்கிறோம். குளத்தில் ஒரே கையின் இரண்டு விரல் என்று நான் சொன்னதும் அதற்காகத்தான். இரண்டு வெவ்வேறு பல்புகளை வைத்து ஒளியின் குறுக்கீட்டைக் காட்ட முடியாததற்கும் இதுவே காரணம்.

அதிர்வெண் கொஞ்சம் மட்டும் வேறுபட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒரு ஸ்பீக்கரில் 240, மற்றதில் 242 ஹெர்ட்ஸ் விட்டுப் பார். நின்ற இடத்திலேயே சத்தம் விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். இதுதான் விம்மல். பட்டைகள் மைதானத்தில் நடந்து போகின்றன, நீ நிற்கிறாய், அவ்வளவுதான்.

உன் தொழிலுக்கு உடனே உதவும் விஷயம் ஒன்றையும் சொல்கிறேன். அவசரத்தில் ஒரு ஸ்பீக்கரின் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுக்கோட்டில் பாதை வேறுபாடு பூஜ்யம்தான், ஆனால் புறப்படும்போதே ஒன்று முகடு, ஒன்று அகடு. ஆகவே மைதானத்தின் நடுவில், முக்கியமான ஆட்கள் உட்காரும் இடத்தில், சத்தம் வற்றிவிடும். அடித்தொனி ரொம்பவே போய்விடும். "பாஸ் வரவில்லை" என்று ஆம்ப்ளிபையரைத் திருகுவதற்கு முன்பு ஒரு வயரை மாற்றிப் பார்.

பழைய கதை ஒன்று இந்த இடத்தில் பொருத்தம். வியட்நாமின் வடக்கே டோங்கின் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கடல் ஏற்றம் விசித்திரமாக இருந்தது. மற்ற இடங்களில் நாளுக்கு இரண்டு தடவை ஏறும் கடல் அங்கே ஒரு தடவைதான் ஏறும், சில நாட்களில் ஏறவே ஏறாது. 1687-ல் நியூட்டன் இதற்கு விளக்கம் சொன்னார்: ஏற்றம் இரண்டு வழியாக வந்து சேர்கிறது, ஒன்று மற்றதைவிட 6 மணி நேரம் பிந்தி வருகிறது, ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தோடு கூடிச் சமனாகிறது. பாதை வேறுபாட்டுக் கணக்கேதான். ஒளியைத் துகள் என்று நம்பிய அதே நியூட்டன் கடலுக்கு இப்படி எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒளிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட 1801-ல் ஆங்கில அறிஞர் தாமஸ் யங் வரவேண்டியிருந்தது. 1803-ல் அவர் விவரித்த சோதனை எளிமையானது. ஜன்னலில் சிறு துளை வழியே வந்த வெயிலின் நடுவே ஒரு மெல்லிய அட்டைத் துண்டைக் குறுக்கே பிடித்தார். நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் நிழலுக்குள் இருந்த பட்டைகள் மறைந்தன. இரண்டு பக்க ஒளியும் சேர்ந்தால்தான் பட்டை.

கவனித்தாயா, நிழலுக்குள் ஒளி எப்படி வந்தது? அட்டையின் ஓரத்தில் வளைந்துதான். விளிம்பு விளைவு இல்லாமல் யங் தன் குறுக்கீட்டைக் காட்டியிருக்கவே முடியாது. தங்கையின் கேள்விக்கு வந்துவிட்டோம்.

ஓரத்தில் வளைவதைப் பார்க்க தேங்காப்பட்டணம் போகலாம். அங்கே மீன்பிடித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரை நெடுகத் தூண்டில் வளைவுகள் என்று கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளும் உண்டு. சுவரின் முனையில் நின்று பார்த்தால், நேராக வரும் அலை முனையைத் தாண்டியதும் அரைவட்டமாக விரிந்து சுவரின் மறைவுக்குள்ளும் நுழையும். கரையோரம் ஆழம் குறைவதாலும் அலை திரும்பும், அது வேறு கணக்கு. ஆனால் ஆழம் ஒரே சீராக இருந்தாலும் முனையில் இந்த விரிதல் இருக்கும். நீளமான அலை அதிகமாக நுழையும். 5 மீட்டர் ஆழத்தில், 12 விநாடிக்கு ஒரு தடவை வரும் அலையின் நீளம் 80 மீட்டர் அளவு. 4 விநாடிக்கு ஒரு தடவை வரும் காற்றலைக்கு 20 மீட்டர் சொச்சம்தான். கள்ளக்கடல் நாட்களில் காற்றே இல்லாமல், தெற்கே எங்கோ அடித்த புயலின் நீண்ட அலைகள் வருகின்றன. சின்ன அலைகளை நன்றாக மறைக்கும் சுவர், அந்த நீண்ட அலைகளை அதே அளவுக்கு மறைப்பதில்லை.

உன் வேலையிலும் இது தினசரி நடக்கிறது. மைதானத்து மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் என்ன கேட்கும்? தும் தும் என்று அடித்தொனி மட்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். ஆள் உயர மதிலை அது எளிதாக வளைந்து தாண்டும். தாளத்தின் 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டர். அதற்கு மதிலின் நிழல் உண்டு. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதனால்தான் மதிலின் வெயில் நிழல் கத்தியால் வெட்டியது போல் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் ஒழிய. 17-ம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் கிரிமால்டி அப்படி உற்றுப் பார்த்தார். நிழலின் ஓரத்தில் பட்டைகள் இருப்பதை எழுதிவைத்தார். அந்த எழுத்து அவர் இறந்த பிறகு, 1665-ல்தான் வெளிவந்தது.

சரி, அலை ஏன் வளைகிறது? டச்சு அறிஞர் ஹைகென்ஸ் சொன்ன வழி: அலைமுகப்பின், அதாவது முன்னேறி வரும் முகட்டுக் கோட்டின், ஒவ்வொரு புள்ளியையும் ஒரு புது மூலமாக நினைத்துக்கொள். தடுப்பு இல்லாத இடத்தில் அந்தக் கணக்கற்ற மூலங்களின் அலைகள் கூடி நேரே மட்டும் போகின்றன. பக்கவாட்டில் போவது ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்கிறது. ஒரு சுவர் பாதியை மறைத்துவிட்டால், சமன் செய்ய வேண்டிய கூட்டாளிகள் சிலரைக் காணோம். மிச்சம் வளைந்து தெரிகிறது. இந்தக் கூட்டலைக் கணக்காகப் போட்டு 1818-ல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் பிரெனல்.

ஆக, மூலம் இரண்டு என்றால் குறுக்கீட்டு விளைவு என்கிறோம். ஒரே பிளவின், அதாவது அலை நுழையும் மெல்லிய கீறலின், அகலத்தில் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் எண்ணற்ற மூலங்கள் என்றால் விளிம்பு விளைவு என்கிறோம். பெயர் வைப்பதில் உள்ள பழக்கம்தான் வித்தியாசம். பெரிய இயற்பியலாளரான பெய்ன்மனும் தம் மாணவர்களுக்கு இதே கருத்தைத்தான் சொன்னார்.

இங்கே பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. இதைத் தங்கையிடம் நிதானமாகச் சொல். இரட்டைப் பிளவில் பாதை வேறுபாடு ஒரு அலைநீளம் என்றால் வெளிச்சம். ஒற்றைப் பிளவில் இரண்டு ஓரங்களுக்கும் இடையே பாதை வேறுபாடு ஒரு அலைநீளம் என்றால் இருட்டு. ஒரே நிபந்தனைக்கு நேர்மாறான விடை எப்படி? ஒற்றைப் பிளவை மனதில் இரண்டு பாதியாகப் பிரி. மேல்பாதியின் முதல் புள்ளிக்கும் கீழ்ப்பாதியின் முதல் புள்ளிக்கும் பாதை வேறுபாடு அரை அலைநீளம், இருவரும் சமன். இரண்டாவது புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் அதே அரை அலைநீளம், அவையும் சமன். இப்படி ஜோடி ஜோடியாக எல்லாமே சமனாகிவிடுகிறது. ஓரத்தில் நிற்கும் இரண்டு பேர் ஒத்துப்போகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் நடுவில் நிற்கும் கூட்டம் முழுக்க ஒன்றை ஒன்று எதிர்க்கிறது. இது விளங்கிவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

இரண்டும் ஒரே படத்தில் தெரியும் இடம் இரட்டைப் பிளவுதான். பிளவு ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீட்டர் அகலம், இரண்டுக்கும் இடைவெளி 0.25 மில்லிமீட்டர், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், திரை 2 மீட்டர் தூரத்தில் என்று வை. இரண்டு பிளவின் குறுக்கீட்டால் 5.2 மில்லிமீட்டருக்கு ஒரு பட்டை வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிளவும் தன் அகலத்தால் ஒளியை விரிக்கிறது. நடுவிலிருந்து 26 மில்லிமீட்டரில் அந்த விரிப்பு பூஜ்யமாகிறது. ஐந்தாவது பட்டை சரியாக அந்த 26 மில்லிமீட்டரில்தான் வர வேண்டும். வராது. குறுக்கீடு "இங்கே வெளிச்சம்" என்கிறது, ஆனால் அந்தத் திசைக்கு எந்தப் பிளவுமே ஒளி அனுப்பவில்லை. நடுவில் ஒன்பது பட்டை, அப்புறம் ஒரு விடுபட்ட இடம். முதல் தடவை சோதனைக்கூடத்தில் இதை எண்ணிப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்த மண்ணுக்கும் இதில் பங்குண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, செவ்வகத் திறப்பில் ஒளி சாய்வாக விழும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான். 1906-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. தங்கையைவிட ஒரு வயது மூப்பு இருக்கும்.

மறுபடி உன் ஸ்பீக்கருக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் பலரும் தப்பு செய்கிறார்கள். ஒன்றன் கீழ் ஒன்றாகச் சின்ன ஸ்பீக்கர்கள் அடுக்கிய "காலம்" (column) பெட்டியை இடம் மிச்சம் என்று படுக்கவைத்துக் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது ஒரு ஒற்றைப் பிளவு மாதிரிதான். நீளமான திசையில் ஒலி குறுகும், குறுகலான திசையில் ஒலி விரியும். நட்டமாக வைத்தால் ஒலி வானத்துக்கும் தரைக்கும் வீணாகாமல் மைதானம் முழுக்கப் பக்கவாட்டில் பரவும். 1 மீட்டர் நீளப் பெட்டியில் 2,000 ஹெர்ட்ஸ் ஒலி மேலும் கீழும் 10 டிகிரிக்குள் அடங்கிவிடும். படுக்கவைத்தால் நேர் எதிரில் இருப்பவர்களுக்கு மட்டும் தெளிவு, பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்கு வார்த்தை விளங்காது.

அடித்தொனிப் பெட்டிகளை இரண்டு பக்கமும் பிரித்து வைப்பதும் யோசிக்க வேண்டியது. 60 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 6 மீட்டர். அதே 6 மீட்டர் இடைவெளியில் வைத்தால், 30 மீட்டர் தூரத்தில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 16, 17 மீட்டர் தள்ளி ஒரு பெரிய வறட்சி விழும். இரண்டையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒட்டி வைத்துவிட்டால் பாதை வேறுபாடே எழாது, வறட்சியும் போய்விடும்.

தங்கைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு தலைமுடியை லேசர் பாயிண்டரின் வாயில் குறுக்கே ஒட்டி, 2 மீட்டர் தள்ளி உள்ள வெள்ளைச் சுவரில் அடிக்கச் சொல். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகச் சிவப்பும், நடுநடுவே இருட்டும் தெரியும். முடி ஒளியை மறைக்கிறது, பிளவு ஒளியை விடுகிறது, ஆனாலும் பட்டைகளின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. அடுத்தடுத்த இருட்டுகளின் இடைவெளியை அளந்து, அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி அந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் வந்துவிடும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரில் 1.9 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் முடி 0.07 மில்லிமீட்டர்.

அடுத்த விழாவுக்கு மைக் செட் கட்டும்போது அவளையும் மாலையில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. 350 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடந்து, அமுங்கும் இடங்களில் எல்லாம் கோலப்பொடியால் குறியிடச் சொல். அடுத்தடுத்த குறிகளின் இடைவெளியை ஸ்பீக்கர்களின் இடைவெளியால் பெருக்கி, மேடைத் தூரத்தால் வகுத்தால் அலைநீளம். அதை 350-ஆல் பெருக்கினால் அன்றைய மாலையில் ஒலியின் வேகம். என்ன விடை வந்தது என்று எழுது.